சிறுவன் தூங்கிவிட்டானா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இரவு ஒன்பது மணி. குமணன்சாவடி நிறுத்தத்தில் ஒரு தகப்பன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். மெட்ரோ தூண்களுக்கு நடுவே சாலையைக் கடந்து, சந்துக்குள் நடந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். மனைவியிடம் கேட்கும் முதல் கேள்வி: "பையன் தூங்கிட்டானா?"

"இப்பதான் தூங்கினான். அத்தா வந்தா எழுப்பச் சொன்னான்."

அவர் எழுப்புவதில்லை. காலையில் பள்ளிக்கூடம் இருக்கிறது, தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறார். அவர் சாப்பிட்டு முடித்து, சற்று நேரம் செல்போனைப் பார்த்துவிட்டுப் படுக்கிறார். அடுத்த நாளும் இதேதான். வாரத்தில் ஐந்தாறு நாட்கள் இப்படியே போகின்றன. இந்தத் தகப்பன் யார் என்று தேட வேண்டாம். நம் ஸஃப்பில் நமக்குப் பக்கத்தில் நிற்பவராக இருக்கலாம். நாமாகவும் இருக்கலாம்.

இதே கேள்வி 1,400 ஆண்டுகளுக்கு முன் மதீனாவில், ஒரு சின்னஞ்சிறு அறையில், ஓர் இரவில் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த இரவை முன்வைத்து, நம் வீடுகளின் சாதாரண மாலைப்பொழுதைப் பற்றி இந்த ஜும்ஆவில் சிந்திப்போம்.

வீடா, சாவடியா?

பூந்தமல்லிச் சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாவடி என்று முடியும் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கும் இடம். வருவார்கள், கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிடுவார்கள், படுப்பார்கள், விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். பக்கத்தில் படுத்திருந்தவர் யார், அவருக்கு என்ன கவலை என்று ஒருவருக்கொருவர் தெரியாது. சாவடிக்கு அது குறையல்ல. சாவடி அதற்காகத்தான் கட்டப்பட்டது.

ஆனால் வீடு அப்படியல்ல. சூரா அந்நஹ்லின் 80-வது வசனத்தில், தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும்போது, நம் வீடுகளை நமக்கு 'ஸகன்' ஆக ஆக்கியதையும் அல்லாஹ் சேர்த்துச் சொல்கிறான். ஸகன் என்றால் அமைதி பெறும் இடம். சூரா அர்ரூமின் 21-வது வசனத்தில், கணவன் மனைவி ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறுவதைச் சொல்லும்போதும் இதே வேர்ச்சொல்லைத்தான் அல்லாஹ் பயன்படுத்துகிறான். நான்கு சுவரும் ஒரு கூரையும் சேர்ந்தால் கட்டடம் ஆகிவிடும். அதற்குள் இருப்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் அமைதி பெற்றால்தான் அது ஸகன் ஆகும்.

நம் பகுதியின் நிலைமை நமக்குத் தெரியும். ஒருவர் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறார். ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட். இன்னொருவர் போரூர், கிண்டி. சிலருக்குச் சொந்தக் கடை, அதுவும் இரவு பத்து வரை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலான 26 கிலோமீட்டர் மெட்ரோ பாதைக்காகச் சாலையைத் தோண்டிய ஆண்டுகளில், இருபது நிமிடப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் போனதை எல்லோரும் அனுபவித்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளி, அது முடிந்தால் மக்தப், அதற்கு மேல் டியூஷன். தாய்க்குக் காலை ஸுப்ஹிலிருந்து ஓய்வே இல்லை.

ஆகவே யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்காக ஹலாலாகச் சம்பாதிக்கப் போகும் ஒருவர் அல்லாஹ்வின் பாதையில் இருக்கிறார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி தப்ரானியில் வருகிறது. உங்கள் அலைச்சல் வீண்போகாது. நம் கேள்வி வேறு. எஞ்சியிருக்கும் அந்தச் சிறிது நேரத்தில் நம் வீடு ஸகனாக இருக்கிறதா, சாவடியாக இருக்கிறதா?

மைமூனா (ரலி) வீட்டில் ஓர் இரவு

அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு பிறந்தவர்கள். அவர்களுடைய சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 7-ல் மணந்தார்கள். அதற்குப் பிந்திய ஓர் இரவில், சிறிய தாயாரின் வீட்டில் தங்க இந்தச் சிறுவர் போகிறார். வயது பத்திலிருந்து பதின்மூன்றுக்குள் இருக்கும்.

புகாரியில் பல இடங்களில் பல வழிகளில் வரும் இந்தச் செய்தியைச் சேர்த்துப் பார்த்தால் அந்த இரவு முழுவதும் நம் கண்முன் வருகிறது.

நபி (ஸல்) அவர்கள் இஷாவைத் தொழவைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். வந்து நான்கு ரக்அத் தொழுகிறார்கள் (புகாரி: 117). தம் குடும்பத்தாரோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு உறங்குகிறார்கள் (புகாரி: 4569). ஒரே ஒரு தலையணை. அதன் நீளவாக்கில் நபியவர்களும் மனைவியும் தலைவைக்கிறார்கள், அகலவாக்கில் சிறுவர் தலைவைக்கிறார். நள்ளிரவில், அல்லது அதற்குச் சற்று முன்போ பின்போ, நபியவர்கள் எழுகிறார்கள். முகத்திலிருந்து தூக்கத்தைக் கையால் துடைக்கிறார்கள். ஆலஇம்ரானின் கடைசிப் பத்து ஆயத்துகளை ஓதுகிறார்கள். தொங்கிக்கொண்டிருந்த பழைய தோல் துருத்தியிலிருந்து தண்ணீர் எடுத்து அழகாக ஒளூ செய்கிறார்கள் (புகாரி: 183).

எழுந்த அந்த வேளையில்தான், சிறுவன் தூங்கிவிட்டானா என்று கேட்கிறார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய சொல் 'குலய்யிம்'. சின்னப் பையன் என்று செல்லமாகச் சொல்லும் சொல்.

சிறுவர் தூங்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து, நபியவர்கள் செய்ததுபோலவே செய்துவிட்டு, இடப்பக்கம் போய் நிற்கிறார். நபியவர்கள் அவர் தலையில் கைவைத்து, காதைப் பிடித்துத் தடவித் திருகியபடி, வலப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அங்கே திட்டு இல்லை, நீண்ட உபதேசமும் இல்லை. கை பேசியது. சிறுவர் பாடம் படித்துக்கொண்டார்.

சகோதரர்களே, இந்தச் சிறுவர்தான் பின்னால் 'தர்ஜுமானுல் குர்ஆன்' என்று புகழப்பட்டு, ஹிஜ்ரி 68-ல் தாயிஃபில் வஃபாத் ஆகும்வரை இந்த உம்மத்துக்குக் குர்ஆனின் விளக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர். பெரியவரான பின், தம் மாணவர்களான குறைபுக்கும் ஸயீத் இப்னு ஜுபைருக்கும் அந்த ஓர் இரவை எப்படிச் சொல்கிறார் பாருங்கள். தலையணை எப்படிக் கிடந்தது, துருத்தி எங்கே தொங்கியது, எத்தனை ரக்அத், எந்தக் காது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார்.

ஹதீஸ் கலையில் செய்தியைச் சொல்பவரை 'ராவி' என்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ராவி வளர்ந்துகொண்டிருக்கிறார். தூங்கிவிட்டார் என்று நாம் நினைக்கும்போதும் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 'எங்க வீட்டு ராத்திரி இப்படித்தான் இருக்கும்' என்று அவர் தம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லப் போகிறார்? இந்த உரையில் நீங்கள் எடுத்துப்போக வேண்டிய கேள்வி இதுதான்.

இஷாவுக்குப் பின் பேசலாமா?

இங்கே ஒரு சந்தேகம் எழும். இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசுவதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று புகாரியில் (568) இருக்கிறதே, பிறகு எப்படிக் குடும்பத்தோடு பேசினார்கள்?

இமாம் புகாரி (ரஹ்) அவர்களே இதற்கு வழிகாட்டியிருக்கிறார்கள். தொழுகை நேரங்களைப் பற்றிய பகுதியில், குடும்பத்தாரோடும் விருந்தாளியோடும் இரவில் பேசுவதற்கென்று தனித் தலைப்பே அமைத்திருக்கிறார்கள். கல்வியின் பகுதியில், இரவில் கல்வி பற்றிப் பேசுதல் என்ற தலைப்பின் கீழ் இந்த மைமூனா (ரலி) வீட்டுச் சம்பவத்தைக் கொண்டுவருகிறார்கள். அதன் விரிவுரையில் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், குடும்பத்தோடு சற்று நேரம் பேசினார்கள் என்று வேறு வழியில் வரும் வாசகத்தைச் சுட்டிக்காட்டித் தலைப்புக்கும் ஹதீஸுக்கும் உள்ள தொடர்பை விளக்குகிறார்கள்.

ஆகவே உலமாக்கள் சொல்வது இதுதான். ஸுப்ஹைத் தவறவிடச் செய்யும் வீண் அரட்டைதான் வெறுக்கப்பட்டது. மனைவி மக்களோடு அன்பாகப் பேசுவதும், விருந்தாளியோடு பேசுவதும், கல்வி பேசுவதும் அதில் சேராது. இன்று நம்மில் நடப்பது தலைகீழ். வீட்டாரோடு பேசுவதற்கு நேரமில்லை. ஆனால் இஷாவுக்குப் பின் பன்னிரண்டு மணிவரை முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களைப் பார்க்க நேரம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பேச்சை விட்டோம், வெறுக்கப்பட்டதை எடுத்துக்கொண்டோம்.

ஹதீஸில் வரும் சொல் 'ஸாஅத்தன்'. இங்கே அதற்குச் சற்று நேரம் என்று பொருள். ஒரு மணி நேரக் கணக்கு அல்ல. மதீனாவின் ஆட்சி, படை, வந்து காத்திருக்கும் தூதுக்குழுக்கள், இரவுத் தொழுகை எல்லாம் தோளில் இருக்க, அந்தச் சற்று நேரத்தை நபியவர்கள் விடவில்லை. நம்மிடம் அதைவிடப் பெரிய வேலை எதுவும் இல்லை.

என்ன பேசுவது? முதலில் கேட்பது

நாம் பிள்ளையைக் கண்டதும் கேட்பது என்ன? "ஹோம்வொர்க் முடிச்சியா? டெஸ்ட்ல எவ்வளவு?" இது விசாரணை. நபி (ஸல்) அவர்கள் அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூஉமைரைக் கண்டால், அவர் வைத்து விளையாடிய குருவியைப் பற்றி விசாரிப்பார்கள் (புகாரி: 6203). பிள்ளையின் உலகத்தில் எது பெரியதோ, அதைக் கேட்டார்கள்.

மனைவியிடமும் அப்படித்தான். பதினொரு பெண்கள் கூடித் தங்கள் கணவர்களைப் பற்றிச் சொன்ன மிக நீண்ட கதையை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்ல, நபியவர்கள் முழுவதையும் கேட்டார்கள். இடையில் எழுந்து போகவில்லை. முடிவில், உம்மு ஸர்உக்கு அபூஸர்உ இருந்ததுபோல நான் உனக்கு இருக்கிறேன் என்று அந்தக் கதையிலிருந்தே அன்பான பதிலும் தந்தார்கள் (புகாரி: 5189). மனைவி பேசும்போது "சரி, விஷயத்துக்கு வா" என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு எங்கிருந்து தொடங்குகிறது? ஒரு பிள்ளை தன் கனவைத் தகப்பனிடம் வந்து சொல்வதிலிருந்துதான் (12:4). யஃகூப் (அலை) அவர்கள் சிரித்து ஒதுக்கவில்லை. 'யா புனய்ய', என் அருமை மகனே, என்று அழைத்து, இதைச் சகோதரர்களிடம் சொல்லாதே என்று எச்சரித்தார்கள். தகப்பனிடம் கனவைச் சொல்லும் உறவு முன்பே இருந்ததால்தான், ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையும் சரியான நேரத்தில் பிள்ளைக்குக் கிடைத்தது.

இதில்தான் நம் காலத்தின் பெரிய ஆபத்து இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையை யாரோ ஒருவர் செல்போன் வழியாக மிரட்டுகிறார் என்று வையுங்கள். அல்லது விளையாட்டு ஆப்பில் காசு விட்டுவிட்டுப் பயந்து நிற்கிறான். அல்லது வகுப்பில் யாரோ தொந்தரவு செய்கிறார்கள். அந்தப் பிள்ளை யாரிடம் போகும்? ஐந்து வயதில் உடைந்த பென்சிலைப் பற்றிச் சொன்னபோது யார் கேட்டார்களோ, அவர்களிடம் போகும். சின்ன விஷயத்தைக் கேட்காதவரிடம் பெரிய விஷயம் வராது. வீட்டில் கேட்க ஆள் இல்லாவிட்டால், கேட்பதற்கு வெளியே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் நல்லவர்கள் அல்ல.

மாலை முதல் இரவு வரை

இனி, மாலைப்பொழுதில் நம் மார்க்கம் கற்றுத்தரும் ஒழுங்குகளை வரிசையாகப் பார்ப்போம்.

ஒன்று, வாசலில் ஸலாம். வீட்டுக்குள் நுழையும்போது ஸலாம் சொல்லும்படி சூரா அந்நூரில் (24:61) அல்லாஹ் கட்டளையிடுகிறான். குடும்பத்தாரிடம் செல்லும்போது ஸலாம் சொன்னால் அது உனக்கும் உன் வீட்டாருக்கும் பரக்கத் ஆகும் என்று நபியவர்கள் அனஸ் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள் (திர்மிதி: 2698). நுழையும்போதும் உண்ணும்போதும் அல்லாஹ்வின் பெயரைச் சொன்னால், இந்த வீட்டில் நமக்குத் தங்க இடமும் இல்லை, இரவுச் சாப்பாடும் இல்லை என்று ஷைத்தான் தன் கூட்டத்திடம் சொல்லிவிடுவான் (முஸ்லிம்: 2018). நாமோ காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே கதவைத் தள்ளுகிறோம். பேச்சை வாசலிலேயே முடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

இரண்டு, மஃரிபு நேரம். இருள் சூழும்போது பிள்ளைகளை வெளியே விடாமல் தடுத்துக்கொள்ளுங்கள், சிறிது நேரம் சென்றபின் விடலாம் என்றும், பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவை மூடுதல், பாத்திரங்களை மூடிவைத்தல், விளக்கை அணைத்தல் ஆகியவற்றையும் நபியவர்கள் ஏவினார்கள் (புகாரி: 3280). நம் சென்னையில் மஃரிபு, டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும். ஜூனில் ஆறரையைத் தாண்டும். அந்த நேரத்தில் தகப்பன் பெரும்பாலும் வழியில் இருப்பார். ஆகவே இது தாய்மார்கள் காக்கும் ஸுன்னத். முஸல்லாவை விரித்துத் தானும் தொழுது பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தும் தாய், அந்த வீட்டின் இமாம்போல நிற்கிறாள்.

மூன்று, சேர்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டும் வயிறு நிறைவதில்லை என்று தோழர்கள் முறையிட்டபோது, நீங்கள் தனித்தனியாகச் சாப்பிடுகிறீர்கள் போலும், ஒன்றுகூடி அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணுங்கள், பரக்கத் வரும் என்றார்கள் (அபூதாவூத்: 3764). உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்ற சிறுவரின் கை தட்டு முழுவதும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் சாப்பிடு, உன் பக்கத்திலிருந்து எடு என்று மூன்றே பாடம் சொன்னார்கள். அதன்பின் என் சாப்பாடு அப்படியே இருந்தது என்கிறார் அவர் (புகாரி: 5376). ஒரே தட்டில் கூட உட்கார்ந்ததால் அந்தத் திருத்தம் நடந்தது. மகனுக்கு ஏழு மணிக்கு, மகளுக்கு எட்டு மணிக்கு, அத்தாவுக்கு ஒன்பதரைக்கு என்று மூன்று பந்தி நடக்கும் வீட்டில் யார் யாரைத் திருத்துவது? தினமும் முடியாவிட்டால் வாரத்தில் சில நாட்களாவது ஒரே சுப்ராவில் உட்காருங்கள். பழைய சோறும் துவையலும் என்றாலும் பரவாயில்லை.

நான்கு, தொழுகை. குடும்பத்தாரைத் தொழுகையைக் கொண்டு ஏவும்படியும், அதில் பொறுமையாக இருக்கும்படியும் அல்லாஹ் சொல்கிறான் (20:132). ஏழு வயதில் ஏவச் சொன்னார்கள், பத்து வயதில் கண்டிப்பு (அபூதாவூத்: 495). இடையில் மூன்று ஆண்டுகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழுகை வேளைகள் இருக்கின்றன. அத்தனை முறை அன்போடு நினைவூட்டிய பிறகுதான் கண்டிப்பைப் பற்றிய பேச்சே. ஒருநாள்கூடக் கூப்பிடாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கையை ஓங்குவது மார்க்கம் அல்ல. வீடுகளைக் கப்ருகள்போல ஆக்காமல் தொழுகையில் ஒரு பங்கை வீட்டில் வையுங்கள் என்ற ஏவலின்படி (புகாரி: 432) ஸுன்னத்தை வீட்டில் தொழுங்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கண்டது அதைத்தான்.

ஐந்து, கையில் இருக்கும் திரை. அதே இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் மற்றொரு செய்தி நஸாயியில் (5289) இருக்கிறது. நபியவர்கள் ஒரு மோதிரம் அணிந்தார்கள். பிறகு, இன்று இது உங்களைவிட்டு என் கவனத்தைத் திருப்பிவிட்டது, இதை ஒரு பார்வை, உங்களை ஒரு பார்வை என்று ஆகிவிட்டது என்று சொல்லி, அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். ஒரு மோதிரத்துக்கே இப்படி! பிள்ளையை ஒரு பார்வை, போனை ஒரு பார்வை என்று நாம் எத்தனை மாலைகளைக் கழித்தோம்? பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்குவதற்கு முன், நம்முடையதை அலமாரியில் வைப்போம். எறிய வேண்டாம், அரை மணி நேரம் வைத்தால் போதும்.

வீட்டு வேலையும் ஸுன்னத்துதான்

வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் (ரஹ்) கேட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் கிளம்பிவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) பதில் சொன்னார்கள் (புகாரி: 676). மேலே தண்ணீர் கேன் தூக்கிப் போவது, பாத்திரம் எடுத்து வைப்பது, கைக்குழந்தையைச் சற்று நேரம் தோளில் போட்டுக்கொள்வது எதுவும் ஆண்மைக்குக் குறைவல்ல. மனைவிக்கு அரை மணி நேரம் மிஞ்சினால்தான் அவளும் அந்தச் சற்று நேரப் பேச்சில் உட்கார முடியும்.

ஃபாத்திமா (ரலி) அவர்களின் கை, திருகை சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போயிருந்தது. ஒரு பணியாள் கேட்கத் தந்தையைத் தேடி வந்தார்கள். நபியவர்கள் வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். செய்தி கிடைத்ததும், மகளும் மருமகனும் படுத்துவிட்ட பிறகு, அன்று இரவே நபியவர்கள் மகள் வீட்டுக்குப் போனார்கள். எழ வேண்டாம் என்று சொல்லி இருவருக்கும் நடுவே உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பாதத்தின் குளிர்ச்சியை என் நெஞ்சில் உணர்ந்தேன் என்கிறார்கள் அலீ (ரலி). படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று ஓதுவது பணியாளைவிடச் சிறந்தது எனக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்டதைக் கொடுக்கவில்லை. ஆனால் நாளைக்குப் பார்க்கலாம் என்றும் விடவில்லை. அலீ (ரலி) அவர்கள் ஸிஃப்பீன் போர் இரவிலும் அந்தத் தஸ்பீஹை விடவில்லை (புகாரி: 5362). ஒரு தகப்பன் ஓர் இரவு வந்து உட்கார்ந்ததன் விளைவு இது.

ஷிஃப்ட் வேலைக்காரர் என்ன செய்வது?

"ஹழ்ரத், எனக்கு நைட் ஷிஃப்ட். நான் வரும்போது அவன் ஸ்கூலுக்குப் போகிறான். அவன் வரும்போது நான் கிளம்புகிறேன்." இது நியாயமான கேள்வி.

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தார்கள். தினமும் நபியவர்களின் சபைக்கு வர முடியாது. ஆகவே பக்கத்து வீட்டு அன்ஸாரித் தோழரோடு முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர் போவார், ஒருநாள் இவர் போவார். போனவர் வந்து அன்று நடந்ததைப் போகாதவருக்குச் சொல்வார் (புகாரி: 89). முழுவதும் முடியாததை முழுவதும் விட்டுவிடவில்லை.

கணவனும் மனைவியும் அப்படி முறை வைத்துக்கொள்ளலாம். பிள்ளை சொன்னதைத் தாய் தகப்பனுக்குச் சொல்லட்டும். மறுநாள் காலை அவனை வேனில் ஏற்றும்போது, "நேத்து உன் கூட்டாளி விழுந்துட்டானாமே, இப்ப எப்படி இருக்கான்?" என்று தகப்பன் ஒரு வார்த்தை கேட்கட்டும். அத்தா வீட்டில் இல்லாவிட்டாலும் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குப் புரியும். ஸாஅத் என்பது இரவில்தான் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தூங்கிவிட்ட பிள்ளைக்கும் நீங்கள் செய்ய ஒன்று இருக்கிறது. தலையில் கைவைத்து துஆ செய்யுங்கள்.

இந்த வாரம் நாம் செய்ய வேண்டியது

அமலில் சிறியதானாலும் நிரந்தரமானதே அல்லாஹ்வுக்குப் பிரியமானது. ஆகவே பெரிய திட்டம் வேண்டாம். இன்றிரவிலிருந்து மூன்று காரியம்.

வாசலில் ஸலாம் சொல்லி, போனை உள்ளே வைத்துவிட்டு நுழைவது.

படுக்கும் முன் சற்று நேரம், கால் மணி நேரமானாலும், குடும்பத்தோடு உட்கார்ந்து, மார்க்கையும் ஃபீஸையும் பேசாமல் அவர்கள் சொல்வதைக் கேட்பது.

ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த அந்தத் தஸ்பீஹைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓதிவிட்டுப் படுப்பது.

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். ஆணையும் சொன்னார்கள், வீட்டுக்குப் பொறுப்பான பெண்ணையும் சொன்னார்கள் (புகாரி: 893). நாளை மஹ்ஷரில் அந்த விசாரணை வரும். அதற்கு முன்பே, நம் வீட்டில் தலையணையின் அகலத்தில் படுத்திருக்கும் அந்தச் சின்ன ராவி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்றிரவு நீங்கள் வரும்போது "சிறுவன் தூங்கிவிட்டானா?" என்று கேட்பீர்கள். "இல்லை, உங்களுக்காக முழித்திருக்கிறான்" என்று பதில் வந்தால், "இன்னும் தூங்கலையா?" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மனைவி மக்களைக் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக. எங்கள் வீடுகளை ஸகனாக ஆக்குவாயாக. குடும்பத்துக்காக வெயிலிலும் இரவிலும் உழைப்பவர்களின் உழைப்பை ஏற்று, ரிஜ்கில் பரக்கத் செய்வாயாக. தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும், தனியாக நின்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களுக்கும் நீயே துணையாக இருப்பாயாக. எங்கள் பிள்ளைகள் எங்களைப் பற்றி நல்லதை அறிவிப்பவர்களாக, எங்களுக்குப் பின் எங்களுக்காக துஆ செய்பவர்களாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.